கும்பலா, கோஷ்டியா, குழுவா? ஆள்கட்டுச் சொற்களுக்கு எந்த அகராதி கைகொடுக்கும்

ஐந்தாறு பேர் வெளியே தெரியாமல் ஒரு காரியம் செய்கிறார்கள். அவர்களை என்னவென்று எழுதுவது? குழு என்றால் அரசாணை போட்டு அமைத்த மாதிரி இருக்கிறது. கும்பல் என்றால் கையில் அரிவாள் வந்துவிடுகிறது. கோஷ்டி என்றால் வேட்டி கிழிந்த கட்சி அலுவலகம்தான் கண்ணில் தெரிகிறது. செய்தி எழுதுகிறவர், மொழிபெயர்க்கிறவர், மெய்ப்புப் பார்க்கிறவர் எல்லோரும் வாரத்துக்கு ஒருமுறையாவது இந்த இடத்தில் நின்று அகராதியைத் திறப்பார்கள். அந்த நேரத்தில் எந்த அகராதி எவ்வளவு உதவும் என்பது மட்டும்தான் இங்கே கேள்வி. மற்ற சொற்களுக்கு இந்த மதிப்பீடு அப்படியே பொருந்தாது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரு சொல் எங்கிருந்து வந்தது, முன்னே என்னவாக இருந்தது என்று தெரியவேண்டுமானால் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகனுக்கு நிகர் இன்னும் வரவில்லை. நாளைக்கு அச்சுக்குப் போகும் வாக்கியத்துக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. ஆனால் ஒரு சொல்லை யார் யாரைப் பார்த்துச் சொல்வார்கள், சொன்னால் அது பட்டமா பழியா என்ற கேள்விக்கு இரண்டுமே பாதி வழியில் கைவிடும். அந்தப் பாதிக்கு வேறு சோதனை வேண்டும். அதைப் பின்னால் பார்க்கலாம்.

முதலில் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், 1939-ல் அனுபந்தம். அச்சுப் பிரதியைத் தூக்கிச் சுமக்கத் தேவையில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்திலும் இலவசமாகவே கிடைக்கிறது. சிகாகோ தளத்தின் பெரிய வசதி, தலைச்சொல்லில் மட்டும் தேடாமல் விளக்க உரை முழுவதிலும் தேடலாம் என்பது. ‘கூட்டம்’ என்று விளக்கத்துக்குள் தேடினால், கூட்டம் என்று பொருள்படும் பழஞ்சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும். குழாம், கணம், திரள், தொகுதி என்று போய்க்கொண்டே இருக்கும். இணைச்சொல் அகராதி தனியாக வாங்காதவர்களுக்கு இதுவே அந்த வேலையைச் செய்துவிடும்.

தேடும்போது வழுக்கும் இடங்கள் சில உண்டு. லெக்சிகன் கூட்டுச்சொல்லைச் சேர்த்தே எழுதும். ‘ஐம்பெருங் குழு’ என்று இடைவெளி விட்டுத் தட்டினால் தலைச்சொல் தேடலில் மாட்டாது. ‘ஐம்பெருங்குழு’ என்று ஒட்டித் தட்டவேண்டும். வினைச்சொல் தொழிற்பெயர் வடிவில் இருக்கும், ‘குழுமுதல்’ என்பதைப் போல. ஆகவே ‘குழுமினர்’ என்று பத்திரிகையில் கண்ட வடிவத்தை அப்படியே போட்டுத் தேடி, ‘இல்லை’ என்று முடிவுகட்டக் கூடாது. முதல் இரண்டு மூன்று எழுத்தை மட்டும் போட்டு, அதில் தொடங்குவதை எல்லாம் வரவழைத்துப் பார்ப்பது நல்லது. கிரந்த எழுத்து வரும் சொல்லை இரண்டு விதமாகவும் தேடவேண்டும்: ஜமா, சமா, கோஷ்டி, கோட்டி. இந்தக் கடைசி இணைதான் லெக்சிகனின் அருமையைக் காட்டும்.

கோஷ்டி வடசொல். அது தமிழ் ஒலிக்கு அடங்கி வந்த வடிவம் கோட்டி. ‘அரங்கின்றி வட்டாடி யற்றே நிரம்பிய நூலின்றிக் கோட்டி கொளல்’ என்பது 401-ஆம் குறள். கட்டம் கீறாமல் காய் உருட்டி விளையாடுவதும், படிக்காமல் அவையில் பேசப் போவதும் ஒன்று என்கிறது. அங்கே கோட்டி கற்றவர்கள் கூடும் அவை. இதே எழுத்தை இன்று திருநெல்வேலியில் சொன்னால் பைத்தியம் என்று பொருள். ‘கோட்டிக்காரப் பயலே’ என்பது அங்கே பாதி திட்டு, பாதி செல்லம். இரண்டும் எழுத்தால் ஒன்று, பிறப்பால் வேறு. லெக்சிகன் இப்படி ஒரே எழுத்தில் வரும் வெவ்வேறு சொற்களைத் தலைக்கு மேல் சிறு எண் போட்டுப் பிரித்து வைக்கும். அந்த எண்ணைப் பார்க்காமல் முதல் பதிவோடு நிறுத்துகிறவர்கள்தான் தவறான பொருளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

கோஷ்டிக்கு மரியாதை இன்னும் மிச்சமிருக்கும் இடம் வைணவக் கோயில். பெருமாள் புறப்பாட்டில் முன்னால் திவ்யப் பிரபந்தம் சொல்லிப் போகிறவர்கள் ஒரு கோஷ்டி, பின்னால் வேதம் சொல்லி வருகிறவர்கள் ஒரு கோஷ்டி. சேவை முடிந்ததும் கோஷ்டி விநியோகம், அதாவது பிரசாதம் வழங்குவது. பஜனை கோஷ்டியும் அப்படியே, யாருக்கும் கூசாத சொல். அதே சொல்லோடு ‘பூசல்’, ‘மோதல்’, ‘தலைவர்’ சேரும்போதுதான் முகம் மாறுகிறது. பாடினால் கோஷ்டி நல்லது, பேசினால் கெட்டது என்றே வைத்துக்கொள்ளலாம்.

இதைவிடப் பெரிய தலைகீழ் கழகம். லெக்சிகனில் தேடினால் புலவர் கூடும் சபையும் சூதாடும் இடமும் ஒரே கூரைக்குள் இருக்கும். திருக்குறளில் சூது அதிகாரத்தில் கழகம் சூதாடுகளம்தான்: ‘கவறும் கழகமும் கையும் தருக்கி இவறியார் இல்லாகி யார்’ என்பது 935. இரண்டு குறள் தள்ளி 937-லும் ‘கழகத்துக் காலை புகின்’ பரம்பரைச் சொத்தும் போகும், பண்பும் போகும் என்று வருகிறது. 1944-ல் சேலம் மாநாட்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனபோது, அதிலிருந்து 1949-ல் தி.மு.க. பிறந்தபோது, சொல்லின் இன்னொரு பக்கமான சபை என்ற பொருள்தான் எடுத்துக்கொள்ளப்பட்டது. அது இன்று சூதாட்டத்தை முழுக்க விழுங்கிவிட்டது. மேடையில் வள்ளுவரை வைத்துக் கழகத்தைக் கிண்டல் செய்கிறவர்கள் இந்த இரண்டாம் பொருளைச் சொல்லாமல் விடுவது வழக்கம். லெக்சிகனைத் திறந்தால் அந்த வித்தை ஒரு நிமிடத்தில் கலைந்துவிடும்.

மேற்கோள்தான் லெக்சிகனின் உயிர். எந்தப் பொருளுக்கும் அடைப்புக்குள் நூற்பெயர் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பிங்கலந்தை, திவாகரம் மாதிரி நிகண்டின், அதாவது செய்யுளில் அமைந்த பழைய சொற்பொருள் பட்டியலின், பெயர் மட்டும் இருந்தால், அந்தப் பொருள் பட்டியலில் உண்டு, பாட்டிலோ உரைநடையிலோ வழங்கியதற்குச் சான்று அங்கே காட்டப்படவில்லை என்று அர்த்தம். ஆங்கில டபிள்யூ எழுத்து மட்டும் இருந்தால் 1862-ல் வெளிவந்த வின்சுலோ அகராதியிலிருந்து எடுத்தது. ஜே எழுத்து இருந்தால் யாழ்ப்பாண வழக்கு. இந்தக் குறிகளை மதிக்காமல் நிகண்டுச் சொல்லை எடுத்துத் தலைப்பில் போட்டால், படிக்கிறவருக்குப் புரியாது. புரிந்தாலும் செயற்கையாக இருக்கும்.

மேற்கோளைத் தொடர்ந்து மூலத்துக்கே போவதும் பயன் தரும். ஐம்பெருங்குழுவை எடுத்துக்கொள்வோம். சிலப்பதிகாரத்தில் இந்திரவிழவூரெடுத்த காதையில் ‘ஐம்பெருங் குழுவும் எண்பே ராயமும்’ என்று வருகிறது. அரசனைச் சுற்றி இருக்கும் ஐந்து வட்டங்கள்: அமைச்சர், புரோகிதர், சேனாபதியர், தூதர், சாரணர். இந்தக் கடைசிப் பெயரைப் பாருங்கள். சாரணர் என்றால் ஒற்றர். வேவு பார்க்கிறவர்களும் வெளிப்படையான குழுக் கணக்கில் சேர்ந்திருக்கிறார்கள். இன்று சாரணர் இயக்கம் என்றால் கழுத்தில் துணி கட்டிய பள்ளிப் பிள்ளைகள். குறும்பும் இப்படியே. ‘பல்குழுவும் பாழ்செய்யும் உட்பகையும் வேந்தலைக்கும் கொல்குறும்பும் இல்லது நாடு’ என்பது 735-ஆம் குறள். குறும்பு அங்கே அரசனை அலைக்கழிக்கும் குறுநிலக் கூட்டம், கொல்லும் கூட்டம். இன்று மூன்று வயதுக் குழந்தை செய்வது. அதே குறளில் இருக்கும் ‘பல்குழு’ மட்டும் பொருள் மாறாமல் அப்படியே நிற்கிறது. உட்கட்சிப் பூசலுக்கு இவ்வளவு பழைய சொல் கையில் இருக்க, தலையங்கம் எழுதுகிறவர்கள் ஏன் எடுப்பதில்லை என்பது தெரியவில்லை.

லெக்சிகனின் குறை வயது. 1939-க்குப் பின் சொல்லுக்கு நேர்ந்தது எதுவும் அதில் இருக்காது. சிண்டிகேட் நல்ல உதாரணம். பல்கலைக்கழகத்தில் அது ஆட்சிக்குழு. 1969-ல் காங்கிரஸ் பிளந்தபோது காமராஜர், நிஜலிங்கப்பா, எஸ்.கே. பாட்டீல், அதுல்யா கோஷ் ஆகியோர் இருந்த தரப்புக்கு அதே பெயர். எதிர்ப்பக்கத்துக்கு எதுகை பொருந்த ‘இண்டிகேட்’ என்றார்கள். இன்று ஏலக்கடையிலும் டெண்டர் அலுவலகத்திலும் சிண்டிகேட் என்றால், ஒருவருக்கொருவர் போட்டி போடாமல் விலையை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கிறவர்கள். ‘சிண்டிகேட் போட்டுட்டாங்க’ என்று வினையோடு சேர்ந்தே வரும். மூன்று பொருளும் உயிரோடு இருக்கின்றன. இதையெல்லாம் லெக்சிகனில் தேடுவது வீண்.

அங்கேதான் க்ரியா. முதல் பதிப்பு 1992, அடுத்தது 2008, மூன்றாவது 2020. லெக்சிகன் தமிழ் முழுவதையும் அள்ள நினைத்தது. க்ரியா இன்றைய எழுத்துத் தமிழை மட்டும் எடுத்துக்கொண்டது. விளக்கம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். அதைவிட முக்கியம், எடுத்துக்காட்டு வாக்கியம். ஆள்கட்டுச் சொற்களுக்கு விளக்கத்தைவிட அந்த வாக்கியம்தான் பேசும். பேச்சு வழக்கு, வட்டார வழக்கு, இலங்கை வழக்கு என்று சுருக்கக் குறிகளும் உண்டு. வினைச்சொல்லை இங்கே பகுதி வடிவில் தேடவேண்டும்: ‘கூடுதல்’ இல்லை, ‘கூடு’. லெக்சிகன் பழக்கத்தோடு க்ரியாவைத் திறக்கிறவர்கள் முதல் நாள் இதில் தடுமாறுவார்கள். மேற்கோளாக நூற்பெயர் கிடைக்காது. ஆராய்ச்சிக் கட்டுரைக்கு இது மட்டும் போதாது.

செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் பேரகரமுதலியும் இருக்கிறது. பாவாணர் 1974-ல் தொடங்கி, அவர் மறைந்து பல ஆண்டுக்குப் பின் 2011-ல் நிறைவடைந்த பெரும்பணி. 12 மடலம், 31 தொகுதி. குழு, குவி, கும்பல் போன்றவற்றைக் கூடுதல் என்ற ஒரே கருத்தடியில் கோத்துக் காட்டுவது போன்ற விஷயங்களில் படிக்கச் சுவையானது. ஆனால் வேர் காட்டுவதில் அதற்கு ஒரு கொள்கைச் சாய்வு உண்டு. கடன்சொல் என்று மற்றவர்கள் சொல்வதைத் தமிழ் வேரில் கட்டும் இடங்களில் லெக்சிகனையும் பரோ–எமனோ திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுவது பாதுகாப்பு.

இனி, எந்த அகராதியும் தராத பாதி.

முதல் சோதனை ‘எங்கள்’. சொல்லுக்கு முன்னால் ‘எங்கள்’ போட்டுப் பாருங்கள். எங்கள் குழு, எங்கள் அணி, எங்க செட்டு, எங்க ஜமா: உறுத்தாது. வடதமிழ்நாட்டுத் தெருக்கூத்துக்காரர்கள் தங்கள் குழுவை ஜமா என்றுதான் சொல்வார்கள். நாகஸ்வரக்காரர்களை ‘ஒரு செட்டு’ என்று பேசி முடிப்பார்கள். எங்கள் கும்பல் என்றால் சிரிப்பு வரவேண்டும், இல்லாவிட்டால் போலீஸ் வரவேண்டும். கும்பல், கோஷ்டி, மாஃபியா, கூட்டுக் களவாணி எல்லாம் அடுத்தவருக்கு மட்டும் சூட்டும் பெயர்கள். பேட்டியில் ஒருவர் தன் ஆட்களைச் சொன்ன சொல்லை எடுத்துவிட்டு நிருபர் ‘கும்பல்’ என்று மாற்றினால், அவர் தீர்ப்பு எழுதிவிட்டார் என்று பொருள். இதில் கவனிக்கவேண்டியது, சென்னைப் பேச்சில் ‘பஸ்ல ஒரே கும்பல்’ என்பது வெறும் நெரிசல். குவியல் என்ற பழம்பொருளின் மிச்சம். பேச்சிலிருந்து எழுத்துக்கு மாற்றும்போது அதைக் கூட்டம் என்று ஆக்காவிட்டால் அப்பாவிப் பயணிகள் கொள்ளையர் ஆகிவிடுவார்கள்.

கூட்டம் என்ற சொல்லுக்கும் ஓர் எச்சரிக்கை. கொங்குப் பகுதியில் ‘நீங்க எந்தக் கூட்டம்?’ என்று கேட்டால் மாநாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. குலப் பிரிவைக் கேட்கிறார்கள். ஒரே கூட்டத்துக்குள் கொண்டு கொடுக்க மாட்டார்கள்.

இரண்டாவது சோதனை ‘இனர்’. குழுவினர், அணியினர், கட்சியினர், கழகத்தினர், தரப்பினர் என்று சொல்லலாம். கோஷ்டியினரும் ஓடும். கும்பலினர்? நாக்கு வராது. ‘கும்பலைச் சேர்ந்த 4 பேர்’ என்று சுற்றித்தான் போகவேண்டும். கும்பல் என்றதும் ஆட்கள் ஆட்களாக இல்லாமல் ஒரு குவியலாகி அஃறிணையில் விழுந்துவிடுகிறார்கள்: கும்பல் வெட்டியது, தப்பி ஓடியது, சிக்கியது. ஒரே பத்தியில் ‘கும்பல் தாக்கினர்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் ‘ஓடியது’ என்று எழுதும் பிழை நாளிதழில் அடிக்கடி தட்டுப்படும். இந்தச் சோதனையை ஒழுக்கத் தராசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கூலிப்படையினர் என்று தாராளமாகச் சொல்கிறோம். படை என்ற சொல் அப்படி. கொலைகாரர்களுக்கும் கூலிப்படை, அவர்களைத் தேடும் போலீசுக்கும் தனிப்படை. ‘கூலிப்படையைப் பிடிக்க 3 தனிப்படைகள் அமைப்பு’ என்ற வரியில் முன்னொட்டு ஒன்றுதான் திருடனையும் காவலரையும் பிரிக்கிறது.

மூன்றாவது, வினை. குழு அமைக்கப்படும், ஆய்வு செய்யும், அறிக்கை கொடுக்கும், கலைக்கப்படும். அணி பிரியும், இணையும். கூட்டணி அமையும், முறியும். கோஷ்டி சேரும், மோதும். ஒரு சொல்லோடு அதற்குரிய வினை வராவிட்டால் சொல் தவறு அல்லது வினை தவறு. எம்.ஜி.ஆர். 1987 டிசம்பரில் மறைந்த பின் அ.தி.மு.க. பிளந்தபோது பத்திரிகைகள் ஜானகி பக்கத்தை ஜா அணி, ஜெயலலிதா பக்கத்தை ஜெ அணி என்றே எழுதின. இரட்டைப் புறாவும் சேவலுமாக 1989 தேர்தலில் நின்று, பிறகு இணைந்தன. எந்தப் பக்கத்துக்கும் சாயாமல் எழுத அணி நல்ல புகலிடம். அதையே ஜா கோஷ்டி என்று எழுதியிருந்தால் பத்திரிகை எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்கும்.

குழுவின் ரகசியப் பேச்சுக்கும் இலக்கணத்தில் இடம் உண்டு. நன்னூல் 267-ஆம் சூத்திரம் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக்குகிறது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பதும் காலங்காலமாகக் காட்டும் எடுத்துக்காட்டுகள். கள்ளுக்குப் பெயர் வைத்தவன் அனுபவசாலி. மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் தரகர் வழக்கமும் இதற்குத் தம்பிதான், ஒலி இல்லை என்பதே வித்தியாசம். தேடும்போது எழுத்தில் கவனம்: குழூ நெடில், பிறகு உ. ‘குழுஉக்குறி’ என்று குறிலில் தட்டினால் சரியான பதிவு கிடைக்காமல் போகும். செய்தியில் இதைச் ‘சங்கேத வார்த்தை’ என்று எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. சங்கேதம் வெளியாளை ஏமாற்ற முன்பே பேசி வைத்துக்கொண்டது. குழூஉக்குறி தொழிலோடு ஊறி வந்தது.

ஆங்கிலத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு சொல். மொழிபெயர்ப்புப் பொறியில் போட்டால் கேங், க்ளிக், ஃபேக்‌ஷன் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் ‘குழு’ வந்து நிற்கும். பிழை என்று சொல்ல முடியாது, ஆனால் உப்பில்லை. வெட்டுக்குத்து என்றால் கும்பல். கட்சிக்குள் என்றால் கோஷ்டி அல்லது அணி. தலைவரைச் சுற்றி நாலு பேர் என்றால் உள்வட்டம். இடதுசாரி விவாதமென்றால் குறுங்குழு. அங்கே குறுங்குழுவாதம் என்பது குற்றச்சாட்டு. சொத்துத் தகராறு, கோயில் உரிமை என்றால் வகையறா. ‘இன்னும் மற்றவை’ என்ற பொருளில் அரபியிலிருந்து வந்த சொல், பத்திரத்திலும் திருவிழா நோட்டீசிலும் ஒரு மூதாதையின் மொத்தக் கிளையையும் குறிக்கிறது. சினிமாவிலும் அரட்டையிலும் இந்த வகையறாவே ஆள்கட்டாகிவிட்டது.

வட்டாரச் சொல்லென்றால் பொது அகராதியோடு மல்லுக்கட்ட வேண்டாம். கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டார வழக்கு அகராதியும் பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதியும் அளவில் சிறியவை, ஆனால் சொல்லைப் புழங்குகிறவர் கோணத்திலிருந்து எழுதியவை. இலங்கை எழுத்தைத் தமிழ்நாட்டுக்காகச் செப்பனிடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே கூட்டாளி நண்பன். இங்கே ‘கூட்டாளிகள் 2 பேர் கைது’ என்றுதான் அந்தச் சொல் அச்சேறும். விளையாட்டில் பிள்ளைகள் பிரியும் பக்கத்துக்கு அங்கே கன்னை. ‘கன்னை பிரிச்சு விளையாடுவம்’ என்பார்கள். கதையில் வரும் யாழ்ப்பாணத்துப் பையனின் கூட்டாளியை அப்படியே விடுவதா, சிநேகிதன் என்று மாற்றுவதா என்றால், அப்படியே விட்டு, முதல் முறை வரும் வாக்கியத்திலேயே நட்பு தெரிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்வதே சரி.